ஒற்றை வசனத்தின் ஏழ்மை

கி.பி. 399இன் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தெயோபிலுஸ் எகிப்தின் மடங்களுக்கெல்லாம் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். அந்த ஆண்டின் ஈஸ்டர் நாளை அறிவிக்கும் வழக்கமான மடல்தான். ஆனால் கூடவே ஒரு கண்டனமும் அதில் இருந்தது: கடவுளுக்கு மனித உருவம் உண்டு என்று நம்புவது பிழை. ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் அந்த மடல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அங்கிருந்த நான்கு கோயில்களில் மூன்றில் அதை வாசிக்கவே மறுத்துவிட்டார்கள்.

அங்கே செராப்பியோன் என்று ஒரு முதியவர் இருந்தார். கடுந்தவத்தில் வயதேறியவர். கப்பதோக்கியாவிலிருந்து வந்திருந்த போட்டினுஸ் என்ற திருத்தொண்டர் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்ற வேத வாக்கியத்தை உடலின் சாயலாகக் கொள்ளக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். முதியவர் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் நன்றி சொல்லிச் செபிக்க எழுந்தார்கள். அவருக்கு மட்டும் செபம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கண்ணை மூடியதும் எதிரே வந்து நின்ற உருவம் இப்போது வரவில்லை. தன் கடவுளைப் பறித்துக்கொண்டார்கள், பற்றிக்கொள்ள இனி ஒன்றுமில்லை என்று தரையில் விழுந்து அழுதார்.

இதைக் கண்டு கலங்கியவர்களில் இரண்டு இளந்துறவிகள் இருந்தார்கள்: ஜான் காசியன், அவருடைய நண்பர் ஜெர்மானுஸ். இருவரும் அப்பா ஈசாக் என்ற மூத்த துறவியிடம் போனார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், தென் பிரான்சின் மார்செயில் இருந்துகொண்டு, காசியன் தன் ‘உரையாடல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் இதை எழுதினார். கிறிஸ்தவ மரபில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தியானிக்கும் முறைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான விளக்கம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இன்று அதை எடுத்தாளும் பலர் ஈசாக் கற்றுக்கொடுத்த முறைக்கு நேரே போய்விடுகிறார்கள்; செராப்பியோனின் அழுகையைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த அழுகையை விட்டுவிட்டால் முறை எதற்காகத் தோன்றியது என்பது புரியாது. மனத்தின் உருவத்தை இழந்தவனுக்கு, இன்னொரு உருவத்தைத் தராமல், எதைப் பிடித்துக்கொள்ளத் தருவது? ஈசாக் தந்தது ஒரே ஒரு வசனம்: திருப்பாடல் 70இன் முதல் வசனம், இறைவனை விரைந்து துணைக்கு அழைக்கும் வசனம்.

எப்போது அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் தரும் பட்டியல் வியப்பூட்டுகிறது. நேரத்துக்கு முன்பே பசியெடுத்து உணவின்மேல் ஆசை வரும்போது சொல். உணவு வெறுத்துப்போகும்போதும் சொல். வாசிக்க உட்கார்ந்தால் தலைவலிக்கிறது, தூக்கம் வருகிறது, சொல். படுத்தால் தூக்கம் வரவில்லை; அப்போதும் சொல். கோபத்திலும், செருக்கிலும், காரணம் தெரியாத சோர்விலும், மனம் மகிழ்ச்சியில் பொங்கும் நேரத்திலும் அதே வசனம். தூக்கத்திலும் உதடு அதையே சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். விழித்ததும் முதல் எண்ணம் அதுவாகவே இருக்க வேண்டும்.

இதற்கு ஈசாக் சொல்லும் காரணம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மனத்துக்குச் செல்வம் அதிகம். ஜெர்மானுஸின் முறையீட்டைப் பாருங்கள்: ஒரு திருப்பாடலை நினைக்கத் தொடங்கினால் மனம் இன்னொன்றுக்குத் தாவுகிறது, அங்கிருந்து நற்செய்திக்கு, அங்கிருந்து திருத்தூதரின் மடலுக்கு. எல்லாம் புனிதமான எண்ணங்களே. ஆனாலும் மனம் எதிலும் நிற்பதில்லை. தீய எண்ணங்களை விரட்டுவது எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்ல எண்ணங்களின் மிகுதியால்தான் அவர் தவிக்கிறார். அந்தச் செல்வத்தையெல்லாம் உதறி, ஒற்றை வசனத்தின் ஏழ்மைக்குள் மனத்தை ஒடுக்கு என்கிறார் ஈசாக். மலைப்பொழிவில் முதல் பேறு ஏழையரின் உள்ளத்தோர்க்குச் சொல்லப்பட்டது. ஈசாக் அதையே தியானத்தின் இலக்கணமாக்குகிறார். உடைமைகளை விட்டுவிட்டுப் பாலைவனம் வந்தவர்களிடம் மிஞ்சியிருந்த கடைசி உடைமை எண்ணங்கள்தாம், அதையும் கேட்கிறார்.

மன அமைதி தருவதாக அவர் வாக்களிக்கவில்லை. அந்த வசனத்தின் ஒலிக்குத் தனி ஆற்றல் இருப்பதாகவும் சொல்லவில்லை. பின்னால் எழுந்த எல்லாச் சர்ச்சைகளையும் எடைபோட இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கிழக்குத் திருச்சபையில் இந்தப் பழக்கம் அறுபடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போட்டிகே நகரின் ஆயர் தியதோக்குஸ் இயேசுவின் பெயரை இடைவிடாமல் நினைப்பது பற்றி எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மடத்தின் யோவான் கிளிமாக்குஸ் இயேசுவின் நினைவு மூச்சோடு ஒன்றாக வேண்டும் என்று கற்பித்தார். கிரேக்கத்தின் ஆத்தோஸ் மலைத் துறவிகள் உடலை வளைத்து, மூச்சை அடக்கி, இயேசுவின் பெயரை அழைக்கும் ‘இயேசு செபத்தை’ச் சொன்னபோது பர்லாம் என்ற கல்விமான் அவர்களைத் தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள் என்று பரிகசித்தார். கிரகோரி பாலமாஸ் துறவிகளின் பக்கம் நின்று வாதாடினார். 1341இலும் 1351இலும் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கங்கள் அவருடைய பக்கத்தை ஏற்றன. 1782இல் வெனிசில் அச்சான ‘பிலோகாலியா’ என்ற தொகை நூல் இந்த மரபின் எழுத்துகளை ஒன்றுசேர்த்தது. பிறகு ரஷ்யாவில் ‘ஒரு யாத்திரிகனின் பாதை’ வெளிவந்தது. பெயர் தெரியாத நாடோடி ஒருவன் நாளைக்கு 3,000 முறை, பிறகு 6,000, பிறகு 12,000 என்று இயேசு செபத்தைச் சொல்லிப் பழகும் கதை அது.

அந்த மரபுக்குள்ளேயே ஒரு பெரும் விபத்தும் நேர்ந்தது. 1907இல் ஹிலாரியோன் என்ற துறவி காக்கசஸ் மலைகளில் தான் வாழ்ந்த செப வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இறைவனின் பெயரில் இறைவனே இருக்கிறார் என்பது அதன் உயிர்க் கருத்து. ஆத்தோஸின் ரஷ்யத் துறவிகள் பலர் அதைத் தழுவினார்கள். பெயரே கடவுள் என்ற முழக்கம் எழுந்தது. ரஷ்யத் திருச்சபையின் தலைமை கண்டித்தது. 1913 கோடையில் ரஷ்யக் கப்பற்படை ஆத்தோஸுக்கு வந்து, தண்ணீரைப் பீய்ச்சியடித்து, நூற்றுக்கணக்கான துறவிகளை இழுத்துக் கப்பலேற்றி ஒடெஸாவுக்குக் கொண்டுபோனது. செபம் செய்கிறவர்களைப் படை கொண்டு அடக்கியதை எந்த இறையியலாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி நிற்கிறது. நாமஜபத்தில் பழகிய தமிழ் வாசகருக்கு, நாமமும் நாமியும் ஒன்று என்பது விநோதமான கருத்தாகத் தோன்றாது. ஈசாக்கின் வழி வேறு. அவருக்கு அந்த வசனம் ஓர் ஏழையின் கூப்பாடு. கூப்பிடப்படுகிறவர் அதற்கு வெளியே இருக்கிறார்.

மேற்கில் நடந்தது தலைகீழ். வசனம் இருந்தது, பழக்கம் போய்விட்டது. காசியனை வாசிக்கும்படி புனித பெனடிக்ட் தம் ஒழுங்கு நூலில் சொல்லியிருக்கிறார். ஈசாக்கின் அதே வசனத்தைத் திருப்புகழ்மாலையின் ஒவ்வொரு வேளையும் தொடங்கும் வாசகமாகவும் வைத்தார். அன்று தொட்டு மேற்கின் துறவிகளும் கன்னியரும் குருக்களும் நாள்தோறும் பலமுறை அதைச் சொல்லிவருகிறார்கள். இதை முதலில் உணர்ந்தபோது என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை: வேளைக்கு ஒருமுறை சொல்லும் தொடக்க வாசகமாக அது பாதுகாக்கப்பட்டதாலேயே, அதை வைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்யலாம் என்பது மறைந்துபோனது.

இடையில் சில குரல்கள் எழாமல் இல்லை. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய ‘அறியாமையின் மேகம்’, ஓரசைச் சொல் ஒன்றைத் தேர்ந்து நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் பேக்கர் என்ற ஆங்கில பெனடிக்ட் துறவி பழைய தியான மரபைத் தன் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர் இறந்தபின் 1657இல் அது ‘திருஞானம்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் முடிவில் கதவு சாத்தப்பட்டது. மனத்தை முற்றிலும் செயலற்றதாக்கி இறைவனிடம் விட்டுவிட வேண்டும் என்று ரோமில் கற்பித்த மிகேல் தெ மோலினோஸை 1687இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் கண்டித்தார். மோலினோஸ் சிறையிலேயே 1696இல் இறந்தார். அதன்பின் சொல்லின்றி அமர்வது என்றாலே ஐயம். செபம் என்றால் நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்து சிந்திப்பது, வாய்மொழியாக மன்றாடுவது என்று பொதுமக்களுக்கான போதனை சுருங்கியது.

இங்கேதான் மலாயா வருகிறது. 1955இல் ஆங்கிலேயக் குடியேற்ற அரசின் பணியில் கோலாலம்பூர் வந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், அலுவல் காரணமாக ஒரு சுவாமியைப் பார்க்கப் போனார். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த, லண்டனில் பிறந்த அந்தக் கத்தோலிக்கர் பின்னால் ஜான் மெயின் என்று அறியப்பட்டார். சுவாமி சத்தியானந்தா ஈப்போவில் பிறந்தவர். சுத்த சமாஜத்தை நிறுவி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் கல்வியும் தந்துகொண்டிருந்தவர். அலுவல் முடிந்தபின் பேச்சு செபத்தின் பக்கம் திரும்பியது. தனக்குக் கற்றுத்தர முடியுமா என்று மெயின் கேட்டார். சுவாமி விதித்தவை எளியவை: காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் உட்கார வேண்டும்; நீ கிறிஸ்தவன், ஆகவே உன் மரபிலிருந்தே ஒரு மந்திரத்தை எடுத்துக்கொள்; அரைமணியும் அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்; வாரம் ஒருமுறை இங்கே வந்து என்னோடு சேர்ந்து உட்கார்.

மெயின் 1956இல் டப்ளின் திரும்பி டிரினிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்தார். பழக்கத்தை விடவில்லை. 1959இல் லண்டனின் ஈலிங் பெனடிக்ட் மடத்தில் சேர்ந்தபோது, அவரை வழிநடத்திய துறவி இது கிறிஸ்தவ முறையன்று என்று நிறுத்தச் சொன்னார். கீழ்ப்படிதல் வாக்குறுதியின் பொருள் அறிந்தவராக மெயின் நிறுத்தினார். ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகள் முழுவதும் மடத்துக் கோயிலில், நாளுக்குப் பலமுறை, ஈசாக் கற்றுக்கொடுத்த அதே வசனத்தோடுதான் அவருடைய செபவேளைகள் தொடங்கின. தாம் இழந்தது அதற்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

1970களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் மடத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருந்தபோது, கிறிஸ்தவ மறைஞானத்தைத் தேடி வந்த இளைஞர் ஒருவருக்கு பேக்கரின் நூலை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் தாமும் மறுபடி படித்தார். பேக்கர் காசியனைச் சுட்டினார். காசியனின் பத்தாம் உரையாடலில் மெயின் கண்டது கோலாலம்பூர் சுவாமியின் பாடத்தை. அதன்பின் தியானத்தை மீண்டும் தொடங்கினார். 1975இல் ஈலிங்கில் பொதுநிலையினருக்கான குழுக்களை அமைத்தார். 1976இல் அமெரிக்காவின் கெத்செமனி மடத்தில் துறவிகளுக்கு உரையாற்றினார். 1977இல் மாண்ட்ரியால் போய், லாரன்ஸ் ஃப்ரீமன் துணையோடு ஒரு சிறு மடம் அமைத்தார். 1982 டிசம்பர் 30இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 56.

இந்த வரலாற்றை இரண்டு விதமாகச் சுருக்கிவிடுகிறார்கள். இது இந்து சமயத்திலிருந்து கடத்திவந்த சரக்கு என்பார் ஒரு சாரார். இது எப்போதும் நம்மிடமே இருந்தது, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்பார் மறு சாரார். முதல் கூற்றை 399ஆம் ஆண்டே பொய்யாக்குகிறது. இரண்டாவது கூற்று செய்ந்நன்றி மறப்பது. காசியன் நூலகத்தில் இருந்தார். ஒவ்வொரு மடத்திலும் இருந்தார். உட்கார், சொல், நாளையும் வா என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் ஒரு சைவ, வேதாந்த மரபின் நடுவே வளர்ந்த மலாயாக்காரர். அவர் கைகாட்டியிராவிட்டால், பத்தாம் உரையாடலைப் படித்த மெயினும், பலரைப் போல, பழைய துறவிகளின் பக்திக் குறிப்பு என்று பக்கத்தைத் திருப்பியிருக்கக்கூடும்.

சுவாமியிடமிருந்து வந்ததையும் காசியனிடமிருந்து வந்ததையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். மெயின் கற்பித்த முறை இது: முதுகு நிமிர்ந்து உட்கார், கண்களை மெல்ல மூடு, மாரநாதா என்ற அரமேயச் சொல்லை மா–ர–நா–தா என்று நான்கு சம அசைகளாக உள்ளே சொல், இருபது நிமிடம், முடிந்தால் முப்பது, காலையும் மாலையும், கவனம் சிதறினால் நொந்துகொள்ளாமல் சொல்லுக்குத் திரும்பு, பொருளை யோசிக்காதே. ஆண்டவரே வாரும் என்ற பொருளுடைய அச்சொல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முடிவில், 16:22இல், வருகிறது. தொடக்கத் திருச்சபையின் வழிபாட்டிலிருந்து வந்தது. கடைசிக் கட்டளையைக் கவனியுங்கள். ஈசாக்கின் துறவி பொருளை விட்டுவிடுவதில்லை. உதவி கேட்கும் வசனம் அவனுடைய ஒவ்வொரு நெருக்கடியிலும் புதிதாகப் பொருந்துகிறது. அவன் சொல்லிக்கொண்டே பாய் முடைகிறான், நடக்கிறான், படுக்கிறான். குறித்த அரைமணி, அசையாத உடல், பொருளைக் கடந்த ஒலி ஆகியவை கோலாலம்பூரின் கொடை. மனத்தின் செல்வத்தைத் துறப்பது என்ற விளக்கம் ஸ்கேத்திஸின் கொடை. இரண்டையும் மெயின் ஒன்றாகப் பின்னினார். இதை மறுகண்டுபிடிப்பு என்று மட்டும் சொல்வது போதாது; புதிய ஆக்கமும் இதில் இருக்கிறது.

இதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸ்பென்சர் டிராப்பிஸ்ட் மடத்தில், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், தாமஸ் கீட்டிங் ஆகிய மூவர் ‘அறியாமையின் மேகத்தை’ அடிப்படையாக வைத்து இன்னொரு முறையை வகுத்தார்கள். அதிலும் ஒரு புனிதச் சொல் உண்டு. ஆனால் அதை இடைவிடாமல் சொல்வதில்லை. இறைவனின் செயலுக்கு இசைவதன் அடையாளமாக ஒருமுறை எழுப்பி, எண்ணம் வந்து பிடித்துக்கொள்ளும்போது மட்டும் மெதுவாகத் திரும்பச் சொல்கிறார்கள். வேறுபாடு சிறிதல்ல. கீட்டிங்கின் முறையில் சொல் உதிர்ந்து மௌனம் வந்தால் அங்கே தங்கலாம். மெயினோ தொடக்கம் முதல் முடிவு வரை சொல் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். இனிமையான ஒரு மிதப்பை அமைதி என்று எடுத்துக்கொண்டு அதில் குடியேறிவிடுவதை அவர் அஞ்சினார். அதுவும் ஒரு செல்வம்தானே. பத்தாம் உரையாடலின் கண்ணால் பார்த்தால் மெயினின் கண்டிப்பே எனக்குச் சரியாகத் தெரிகிறது.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் எழுந்த எதிர்ப்பில் மலிவானதும் உண்டு, கனமானதும் உண்டு. பிதற்றாதீர்கள் என்று மத்தேயு 6:7இல் இயேசு எச்சரித்தாரே என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. அங்கே கண்டிக்கப்படுவது, நிறையப் பேசினால் கடவுள் கேட்பார் என்ற எண்ணம். அதே நற்செய்தியில், கெத்செமனித் தோட்டத்தில், இயேசுவே மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி வேண்டினார் என்று இருக்கிறது. கனமான எதிர்ப்பு ஸ்பெயினின் மறைஞானி அவிலா தெரேசாவிடமிருந்து வருகிறது. இறைவன் மௌனத்தில் ஆழ்த்துவதற்கு முன் நாமாகவே சிந்தனையை நிறுத்த முயல வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். 1989இல், அவருடைய திருநாளான அக்டோபர் 15 என்று தேதியிட்டு, கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானம் குறித்து வெளியிட்ட கடிதமும் இந்தத் திசையில்தான் பேசுகிறது: பிற சமய முறைகளில் பயனுள்ளதை ஏற்கலாம், ஆனால் உடலில் எழும் இதமான உணர்வுகளை ஆவியானவரின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த இதமான உணர்வு உண்மையானது, அளக்கக்கூடியது. 2001இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட லூச்சியானோ பெர்னார்டி குழுவின் ஆய்வில் 23 பேர் இலத்தீனில் செபமாலையும், திபெத்திய பௌத்தரின் மந்திரமும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்று குறைந்தது; இதய, இரத்த ஓட்டத் தாளங்கள் ஒன்றிணைந்தன. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இலேயே இதற்குப் புனிதச் சொல் எதுவும் தேவையில்லை, எந்தச் சொல்லும் போதும் என்று வாதிட்டிருந்தார். உடலைப் பொறுத்தவரை அவர் சொன்னதை நான் ஏற்கிறேன்.

அப்படியானால் இதைக் கிறிஸ்தவத் தியானம் ஆக்குவது எது? பொருளையும் யோசிப்பதில்லை, உருவத்தையும் நினைப்பதில்லை என்றால் மிஞ்சுவது என்ன? மெயினின் விடை பவுலிடமிருந்து வருகிறது. எப்படி வேண்டுவதென்று நமக்குத் தெரியாது, ஆவியானவரே நமக்குள் வேண்டுகிறார் என்கிறது உரோமையர் 8:26. இயேசு தந்தையை நோக்கித் திரும்பும் செபம் ஏற்கெனவே நமக்குள் நடந்துகொண்டிருக்கிறது. நம் சொந்தச் செபங்களின் இரைச்சலை நிறுத்தி அதற்கு இடம்விடத்தான் அந்தச் சொல். இந்த நம்பிக்கையோடு உட்காருகிறவருக்கு மெயினின் முறை கிறிஸ்தவத் தியானம். இந்த நம்பிக்கை இல்லாதவருக்கு அது நல்ல மூச்சுப் பயிற்சி, அதில் குறையொன்றும் இல்லை. தெரேசாவின் எச்சரிக்கைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மெயின் சிந்தனையை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஓடட்டும், நீ அதன் பின்னால் போகாமல் சொல்லோடு இரு என்றார்.

1991இல் அமெரிக்காவின் இண்டியானாவில், நியூ ஹார்மொனி என்ற ஊரில், மெயினின் நினைவாக நடந்த கருத்தரங்கில் உரையாற்றியவர் குளித்தலைக்கு அருகே காவிரிக்கரைச் சாந்திவன ஆசிரமத்திலிருந்து போன பீட் கிரிஃபித்ஸ். 1968 முதல் தமிழகத்தில் வாழ்ந்த அந்த பெனடிக்ட் துறவி தாமும் இயேசு செபத்தைப் பழகியவர். மெயினைப் பெரிதும் மதித்தவர். கிறிஸ்தவ தியானத்துக்கான உலகச் சமூகம் அந்தக் கருத்தரங்கில் உருவானது. இன்று பல நாடுகளில் அதன் குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன: சிறு உரை, அரைமணி மௌனம், முடிவில் மணி. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மறைமாவட்டக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளும் இப்படி உட்காருகிறார்கள்.

ஈசாக்கின் பாடத்தில் இவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பாதி. குடும்பமும் வேலையும் உள்ளவர்களுக்கு அரைமணியை ஒதுக்கிக் கொடுத்தது மெயினின் பெரிய சாதனை. ஆனால் அரைமணிக்கு வெளியே இருக்கும் பசி, கோபம், தூக்கமின்மை ஆகியவற்றுக்குள் அந்த வசனம் போக வேண்டும் என்பதுதான் ஈசாக்கின் முதல் அக்கறை. கிழக்கு மரபு அதைக் காத்தது. மேற்கிலும் அதன் தடம் ஓரிடத்தில் இருக்கிறது. மடத்துச் சமையலறையில் துறவிகள் வாரமுறை வைத்து வேலை செய்ய வேண்டும் என்று விதிக்கும் பெனடிக்ட், ஒழுங்கு நூலின் 35ஆம் அதிகாரத்தில், புதிதாக முறை ஏற்பவர் ஞாயிறன்று எல்லோர் முன்னும் அதே வசனத்தை மூன்று முறை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகட்டும் என்று எழுதியிருக்கிறார். தியானக் குழுக்களில் காசியனைப் படிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.